தேன் மூணு மாசம், ஈ பன்னெண்டு மாசம்

எங்க ஊர்த் தேன்ல பெரும்பங்கு பூவுல இருந்து வர்றதே இல்லன்னு சொன்னா வெளியூர்க்காரங்க சிரிக்கிறாங்க. நான் சொல்றது கன்னியாகுமரி மாவட்டம், மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கம். எங்க திரும்பினாலும் ரப்பர்தான். டிசம்பர் ஜனவரில ரப்பர் மரம் மொத்த இலையையும் கொட்டிட்டு மொட்டையா நிக்கும், அப்புறம் செம்பு நிறத்துல தளிர் விடும், அந்த இலையப் பாத்தீங்கன்னா ஒரு நீள காம்பு, அது நுனியில மூணு இலை சேர்ந்து இருக்கும், அந்த மூணும் சேர்ற முனையில சின்னச் சின்னதா சுரப்பி இருக்கு. உத்துப் பாத்தாத்தான் தெரியும். இலை இளசா இருக்குற வரைக்கும் அதுல இருந்து மதுரம் கசியும், காலையில ஒரு தளிரைப் பறிச்சு அந்த இடத்தை நாக்குல வச்சுப் பாருங்க, இனிக்கும். தேனீ அதுக்குத்தான் போகுது, நாங்க சுருக்கமா ஈன்னுதான் சொல்லுவோம். ரப்பர் பூவும் அந்த சமயத்துலதான் பூக்கும், ஆனா எங்களுக்குப் பெட்டி நிறையுறது இலையால.

இலை முத்திப் பச்சையாயிட்டா கதை முடிஞ்சுது. அதனால பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் பாதி வரைக்கும், அவ்வளவுதான் எங்க சீசன். நடுவுல பனியும் மூட்டமுமா இருந்து தளிர்ல சாம்பல் நோய் விழுந்துட்டா இலை உதிர்ந்துரும், மழை சேர்ந்து பெஞ்சா மதுரம் கழுவிட்டுப் போயிரும், அந்த வருஷம் கை நஷ்டம்தான். தோட்டத்துக்காரருக்குப் பால் குறையும், நமக்குத் தேன் குறையும், ரெண்டு பேரும் ஒரே மரத்த அண்ணாந்து பாத்துட்டு நிக்க வேண்டியதுதான்.

இப்ப நான் சொல்ல வர்ற விஷயம் இதான். யூடியூப்ல பாத்தா தேனீ வளர்ப்புன்னாலே அடை கட்டின மரச் சட்டத்த எடுத்து, தேன் அறை மேல இருக்குற மெழுகு மூடியச் சீவி, டிரம்முல சுத்தி, தங்க நிறத்துல ஒழுகுறதக் காட்டுவாங்க. அது இந்தத் தொழில்ல லேசான பகுதி. பெட்டியில தேன் வருமா வராதாங்கறது மார்ச்ல முடிவாகுறதில்ல, நவம்பர் டிசம்பர்ல முடிவாகுது. எப்படின்னு கணக்கு சொல்றேன், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

நம்ம நாட்டு ஈ, அதாவது பெட்டியில வளர்க்குற இந்தியத் தேனீ, முட்டையில இருந்து வேலைக்கார ஈயா வெளிய வர 18ல இருந்து 20 நாள் ஆகும். வெளிய வந்த உடனே அது பறந்து போயித் தேன் கொண்டு வந்துராது. முதல்ல அறை சுத்தம் பண்ணும், அப்புறம் புழுவுக்கு ஊட்டும், அடுத்து வயித்துக்கு அடியில மெழுகு சுரந்து அடை கட்டும், வர்ற மதுரத்த வாங்கி அறையில வைக்கும், வாசல்ல காவல் நிக்கும். வெளி வேலைக்கு அது கிளம்பவே மூணு வாரம்கிட்ட ஆயிரும். வெளி வேலைக்குப் போன ஈ ரொம்ப நாள் இருக்காது, எறகு தேஞ்சு, எங்கயாவது விழுந்து செத்துரும், தேன் சீசன்ல மொத்த ஆயுசே ஆறு வாரம் போலதான்.

ஆக, 20 நாளும் 20 நாளும் 40. பிப்ரவரி 10ஆம் தேதி தளிர்ல மதுரம் வருதுன்னா அன்னைக்குப் பறக்கப் போற ஈ டிசம்பர் கடைசியில முட்டையா இருந்திருக்கணும். அந்த முட்டைய இட ராணிக்குத் தெம்பு வேணும், ராணிக்கு ஊட்ட இளம் ஈ வேணும், அந்த இளம் ஈ நவம்பர்ல பொரிச்சிருக்கணும், அது பொரிக்கணும்னா அக்டோபர்ல மகரந்தம் வந்திருக்கணும், அக்டோபர் வரைக்கும் கூடு உயிரோட இருக்கணும்னா ஜூன்ல இருந்து நாம பாத்திருக்கணும். தளிர் விட்டப்புறம் பெட்டியத் திறந்து பாத்து "என்ன ஈ கம்மியா இருக்கு" ன்னு சர்க்கரைத் தண்ணி ஊத்துறவங்க உண்டு. கூடு பெருகும், நல்லா பெருகும், ஆனா அது பெருகி முடியும்போது இலை முத்தியிருக்கும். பெருகின ஈ இருக்குற தேனையும் தின்னுட்டு உக்காந்திருக்கும்.

எங்க பக்கத்து வீட்டுப் பாட்டா இத ஒரே வரில சொல்லுவாரு. "தேன் மூணு மாசம்லே மக்கா, ஈ பன்னெண்டு மாசம்." அவரு கணக்கெல்லாம் போட மாட்டாரு, பெட்டிய ஒரு பக்கமா லேசாத் தூக்கிப் பாத்துட்டு "இது தாங்கும், அது தாங்காது" ம்பாரு. அப்படியே நடக்கும்.

இடையில கொஞ்சம் சரித்திரம், வேண்டாதவங்க தாண்டிப் போயிருங்க. நம்ம ஈ மரப்பொந்துலயும் பாறை இடுக்குலயும் வரிசையா அடை கட்டுற ஜாதி. முன்னாடியெல்லாம் பானையக் கவுத்தி வச்சு, பொந்தைத் தோண்டி, அடைய அறுத்துப் பிழிஞ்சுதான் தேன், அதுல புழுவும் சேர்ந்து போயிரும். சட்டம் போட்ட பெட்டிய அமெரிக்காவுல லாங்ஸ்ட்ராத் 1852ல பேடண்ட் வாங்கினாரு, அடைக்கும் அடைக்கும் நடுவுல ஈ நடமாடுற அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டா அதை ஈ அடைக்காதுங்கறதுதான் அதோட சூட்சுமம். ஆனா அது ஐரோப்பிய ஈக்கான அளவு. நம்ம ஈ உடம்பும் சின்னது, கூட்டமும் சின்னது. 1910-கள்ல திருச்சிப் பக்கம் இருந்த நியூட்டன் பாதிரியார் நம்ம ஈக்குத் தக்கன சின்னப் பெட்டி செஞ்சாரு, இன்னைக்கும் நியூட்டன் பெட்டின்னுதான் பேரு. எங்க பக்கம் 1920-கள்ல ஸ்பென்சர் ஹேட்ச் மார்த்தாண்டத்துல நடத்தின ஒய்எம்சிஏ கிராம மையம் கோழி, நெசவு மாதிரி வேலைகளோட இதையும் வீட்டு வீட்டுக்குக் கொண்டுபோச்சு. அப்ப இது திருவிதாங்கூர். 1956ல நாங்க தமிழ்நாட்டோட சேர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இங்க பெட்டியும் இருந்துச்சு, கூட்டுறவு சங்கமும் இருந்துச்சு. மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது 2023ல. லேட்டு, ஆனா வந்துச்சே.

சரி, மழைக்கு வருவோம். எங்களுக்கு ரெண்டு மழை. ஜூன்ல ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணு. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஈக்குப் பட்டினிக் காலம். தென்னம்பாளையில மகரந்தம் கிடைக்கும், தொட்டாசிணுங்கிப் பூவுல கொஞ்சம் கிடைக்கும், ஆனா மழைக்கு நடுவுல பறந்தாத்தானே. உள்ள தேன் தீரத் தீர ராணி முட்டை இடுறதக் கொறைக்கும். கூட்டம் சுருங்கும். ஆனா அடை அதே அளவுலதான் இருக்கும். ஈ மூடாத அடைதான் மெழுகுப் பூச்சிக்கு வேணும், ராத்திரி உள்ள போயி முட்டை வச்சுரும், அதோட புழு அடைக்குள்ளயே குடைஞ்சு நூல் நூலா வலை பின்னிட்டுப் போகும். ஒரு வாரம் கழிச்சுத் திறந்தா அடைக்குப் பதிலா தூசும் நூலும்தான் இருக்கும். ஐரோப்பிய ஈ அந்தப் புழுவ ஓரளவு இழுத்து வெளிய போட்டுரும், நம்ம ஈ அவ்வளவு மெனக்கெடாது. அது கிளம்பிரும்.

இதான் நம்ம ஈயோட குணம். ரோஷம் ஜாஸ்தி. எறும்பு ஏறினா போயிரும், பட்டினி போட்டா போயிரும், சும்மா சும்மா திறந்து பாத்தா போயிரும், வெயில் நேரா அடிச்சா போயிரும். ராணி, தொழிலாளி, எல்லாம் மொத்தமா, இருக்குற தேனையெல்லாம் வயித்துல ரொப்பிக்கிட்டு பட்டப்பகல்ல கிளம்பிப் போகும், பெட்டியும் காலி அடையும் மட்டும் மிச்சம். அதனால மழைக்காலத்துல நாம செய்யுறது என்னன்னா, காலியான அடைய எடுத்துட்டு ஈ மூடுற அளவுக்கு மட்டும் சட்டம் வைக்கிறது, வாசலச் சின்னதாக்குறது, ஸ்டாண்டு காலுக்கு அடியில தண்ணிக் கிண்ணம் வத்தாமப் பாக்குறது, அடிப்பலகையக் கூட்டி விடுறது. அப்புறம் சர்க்கரை. சர்க்கரையும் தண்ணியும் சரிக்குச் சரி, காய்ச்சி ஆற வச்சு, சிரட்டையில ஊத்தி, ஈ முங்கிச் சாகாம இருக்க ரெண்டு மூணு ஈர்க்குத் துண்டு மேல போட்டு, பெட்டிக்குள்ளயே வைக்கணும். சாயங்காலம் வைக்கணும். பகல்ல வச்சா, அதுவும் வெளிய சிந்தி வச்சா, பக்கத்துப் பெட்டி ஈ மோப்பம் புடிச்சுக் கொள்ளைக்கு வரும், பலமான கூடு பலவீனமான கூட்டைக் கடிச்சுப் போட்டு இருக்குறத எல்லாம் அள்ளிட்டுப் போயிரும்.

சர்க்கரை வச்சா அது கலப்படத் தேன்தானேன்னு கேக்குறாங்க. நியாயமான கேள்வி. பஞ்ச காலத்துல குடுக்குறத ஈ அப்பவே தின்னுரும், அது உசுரு காப்பாத்துறதுக்கு. தளிர் விட ஆரம்பிச்ச உடனே நிறுத்திரணும், புழு இருக்குற கீழறைக்கு மேல தேனுக்குன்னு தனியா ஒரு மேலறை வைப்போம், அதை வைக்கும்போது கீழ சர்க்கரை இருக்கக் கூடாது. நிறுத்தாம ஊத்திக்கிட்டே இருக்குறவன் ஈய வச்சுக் கலப்படம் பண்றான், அவ்வளவுதான், அவனுக்கு நான் வக்காலத்து வாங்கல.

அக்டோபர் ஆச்சுன்னா நிலைமை மாறும். மழை இருந்தாலும் நடு நடுவுல வெயில், மகரந்தம் வர ஆரம்பிக்கும். வாசல்ல நின்னு பாத்தாலே தெரியும், பின்னங்கால்ல மஞ்சளா ஆரஞ்சா உருண்டை ஒட்டிக்கிட்டு ஈ இறங்கும். மகரந்தம் வருதுன்னா உள்ள புழு இருக்குன்னு அர்த்தம். டிசம்பர் வரைக்கும் கூடு பெருகுற காலம். இங்கதான் எனக்குப் புடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு, ஆண் ஈ அறை.

புழு அடையோட கீழ் ஓரத்துல சில அறை மத்ததவிடக் கொஞ்சம் பெருசா இருக்கும். ராணி முட்டை வைக்கிறதுக்கு முன்னாடி முன்னங்காலால அறை அகலத்த அளந்து பாக்கும். சின்ன அறைன்னா விந்து சேத்து விடும், பொண்ணு. பெரிய அறைன்னா சேக்காம விடும், ஆண். அதனால ஆண் ஈக்கு அப்பன் கிடையாது, ஆனா அம்மா வழித் தாத்தா உண்டு. இத வகுப்புல சொன்னா பசங்க அரை மணி நேரம் சண்டை போடுவாங்க. அந்த ஆண் அறைய மூடும்போது மேல ஒரு மெழுகு மூடி, அதை அப்புறமா ஈயே சொரண்டி எடுத்துரும், உள்ள புழு நெய்த உறை கெட்டியா, கூம்பா, காப்பி நிறத்துல தெரியும், அதோட நுனியில சரியா நடுவுல ஊசி குத்தின அளவுக்கு ஒரு துளை. ஐரோப்பிய ஈயில இந்தத் துளை கிடையாது. நம்ம ஈக்கு மட்டும் ஏன்னு விதவிதமா விளக்கம் சொல்றாங்க, எனக்கு அது முக்கியமில்ல. எனக்கு அது காலண்டர். துளை விழுந்த மூடி வரிசையாத் தெரிஞ்சா, கூடு பிரியத் தயாராகுதுன்னு அர்த்தம்.

ஏன்னா ஆண் ஈ பொரிக்க 24 நாள், அப்புறம் வயசுக்கு வர இன்னும் ஒரு வாரம் பத்து நாள் மேல. ராணியோ 16 நாள்ல பொரிச்சுரும், அடுத்த சில நாள்ல பறக்கத் தயார். ஆண் முந்தி இருந்தாத்தான் ராணி வரும்போது ஜோடி கிடைக்கும். கூடு அதை அப்படியே முன்கூட்டிச் செய்யும், முதல்ல ஆண் அறை, ரெண்டு மூணு வாரம் கழிச்சு ராணி அறை. ராணி அறை அடையோட கீழ் விளிம்புல, நிலக்கடலை தொங்குற மாதிரி தலைகீழாத் தொங்கும். உள்ள இருக்குறது சாதாரணப் பெண் முட்டைதான், ஊட்டுறதுலதான் வித்தியாசம். முதல் ரெண்டு மூணு நாள் எல்லாப் புழுவுக்கும் பால் மாதிரி ஒரு கூழ் கிடைக்கும், ராணியாகப் போறதுக்கு மட்டும் கடைசி வரைக்கும் அதே கூழ், அதுவும் அது மிதக்குற அளவுக்கு.

விட்டா பழைய ராணி பாதிக் கூட்டத்தோட வெளிய போயி மரக்கிளையில தொங்கும். போன கூட்டம் போனதுதான், பெட்டியில மிச்சம் இருக்குறது சீசனுக்குப் பத்தாது. அதனால நாமளே பிரிச்சுரணும். ராணி அறை மூடினதும், அந்தச் சட்டத்தோட ஈயும் புழுவும் மகரந்தமும் இருக்குற ரெண்டு மூணு சட்டத்த எடுத்துப் புதுப் பெட்டியில வச்சு, பழைய ராணி எந்தப் பெட்டியில இருக்குன்னு உறுதி பண்ணிக்கிட்டு, தள்ளி வச்சுரணும். ஒரே கூட்டைப் பேராசையில மூணு நாலாப் பிரிக்கிறவங்க இருக்காங்க, பெட்டி எண்ணிக்கைதான் கூடும், எந்தப் பெட்டியிலயும் மேலறைக்கு ஈ ஏறாது. நவம்பருக்குள்ள ஒரு தடவை பிரி, அப்புறம் ராணி அறை வந்தா கிள்ளி விடு, இது எங்க பக்கத்து வழக்கம்.

புது ராணி பொரிச்சு, வெளிய பறந்து போயி, ஆகாயத்துலயே பத்துக்கும் மேல ஆண் ஈயோட கூடி, அந்த விந்த வயித்துல ஒரு சின்னப் பையில சேத்து வச்சுக்கும். ஆயுசு முழுக்க அதுதான் இருப்பு. கூடின ஆண் அங்கயே செத்து விழுந்துரும். இதுல ஒரு அழகான சங்கதி, நம்ம பக்கத்துல கொம்புத் தேனீ, பெட்டி ஈ, மலைத் தேனீன்னு மூணு ஜாதி ஒரே காட்டுல இருக்கு, மூணு ராணியோட வாசனையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அப்ப ஆண் ஈ ஆள் மாறிப் போகாதா? 1970-கள்ல இலங்கையில பாத்துச் சொன்னாங்க, மூணும் பறக்குற நேரம் வேற வேற. கொம்புத் தேனீ ஆண் உச்சி வேளைக்கு, நம்ம ஈ சாயங்காலம் நாலு மணிக்கு மேல, மலைத் தேனீ பொழுது சாயும்போது. சாயங்காலம் பெட்டி முன்னாடி நின்னீங்கன்னா அந்த நேரத்துல கருப்பா, தடிச்ச ஈ கனமான சத்தத்தோட கிளம்புறதப் பாக்கலாம், கொட்டாது, கொடுக்கே கிடையாது, குழந்தைங்க கையில புடிச்சு விளையாடும்.

இப்படி எல்லாம் சரியா வந்தா ஜனவரி கடைசியில கீழறை முழுக்க ஈ வழியும். அப்ப மேலறை வைக்கணும். பெட்டிய ரப்பர் தோட்டத்துக்குள்ளயே வைக்கிறதுக்கும் காரணம் உண்டு, நம்ம ஈ ரொம்ப தூரம் போகாது, பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்ளதான். எங்க இருக்குன்னு ஒண்ணுக்கொண்ணு ஆடிக் காட்டுறத கார்ல் வான் ஃபிரிஷ் கண்டுபுடிச்சு 1973ல நோபல் வாங்கினாரு, அவரோட மாணவர் லிண்டவர் 1950-கள்ல இலங்கைக்கு வந்து நம்ம ஜாதி ஈ எல்லாம் எப்படி ஆடுதுன்னு பாத்தாரு. கொம்புத் தேனீ திறந்த வெளியில, அடைக்கு மேல தட்டையான இடத்துல, மதுரம் இருக்குற திசையப் பாத்து நேராவே ஆடும். நம்ம ஈ இருட்டுப் பெட்டிக்குள்ள நிக்குற அடையில ஆடுது, அதனால சூரியன் இருக்குற திசைக்கு பதிலா மேல்நோக்கிங்கற திசைய வச்சுக்கும்.

சீசன்ல ராத்திரி பெட்டிகிட்டப் போனா தோட்டமே இரைச்சலா இருக்கும். மதுரத்துல பெரும்பகுதி தண்ணி, அதை 20 சதவீதத்துக்குக் கீழ வத்த வைக்கணும், அதுக்கு ராத்திரி பூரா எறகால விசிறும். வாசல்ல டார்ச் அடிச்சுப் பாருங்க, விசிறுற ஈ எல்லாம் தலைய வெளிப்பக்கமா வச்சு, வால வாசலுக்குள்ள காட்டி நிக்கும், காத்த உள்ள தள்ளுது. ஐரோப்பிய ஈயில ஒரு வகையான இத்தாலி ஈ நேர்மாறு, தலைய உள்ள வச்சுக் காத்த வெளிய இழுக்கும். டார்ச்சுக்கு சிவப்பு பேப்பர் சுத்திக்கோங்க, இல்லன்னா வெளிச்சத்தப் பாத்து மூஞ்சிக்கு வரும்.

தேன் எடுக்குறதப் பத்தி நிறைய சொல்ல ஒண்ணும் இல்ல. மேலறைச் சட்டத்துல முக்கால்வாசி மூடி விழுந்தப்புறம் எடுக்கணும், கொஞ்சம் புகை, மூடியச் சீவு, டிரம்முல சுத்து, காலி அடையத் திரும்ப வை. அடை முழுசாத் திரும்பக் கிடைக்குறதுதான் பெரிய லாபம், மெழுகு சுரக்க ஈ கிலோக்கணக்குல தேன் தின்னணும். கீழறையத் தொடக் கூடாது. மூடாத தேன அவசரப்பட்டு எடுத்தா தண்ணி கூடி நுரைச்சுப் புளிச்சுரும், அப்புறம் "காடி வாசனை வருது" ன்னு வாங்கினவங்க போன் போடுவாங்க.

இதெல்லாம் சரியாச் செஞ்சும் எல்லாம் போன காலம் ஒண்ணு இருக்கு. 1991, 92வாக்குல தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவுல பரவுச்சு. புழு வளந்து கூட்டுப்புழு ஆகப் போற நேரத்துல செத்துரும், அறைக்குள்ள மல்லாக்கக் கிடந்து தலைய மேல தூக்கின மாதிரி இருக்கும், ஊசியால எடுத்தா தோல் மட்டும் பையாட்டம் வரும், உள்ள தண்ணி. புது ஈ பொரிக்காது, இருக்குற ஈ சோர்ந்து போயி வேலைக்குப் போகாது, கடைசியில கூட்ட விட்டே கிளம்பிரும். தமிழ்நாடு, கேரளாவுல 90 சதவீதத்துக்கு மேல கூடு போச்சு. பாட்டா வீட்டுல அப்ப பெட்டியெல்லாம் கோழி அடைகாக்க வச்சிருந்தாங்களாம். மருந்து கிடையாது, இன்னைக்கும் கிடையாது. தப்பிச்ச கூட்ட வச்சுப் பெருக்கினதுதான் இப்ப இருக்குறது. இப்பவும் அங்கங்க வரும், அடையத் திறந்ததும் அறைக்குள்ள கூர்த் தலை நீட்டிட்டு இருக்கான்னு முதல்ல பாக்குறது அதனாலதான். வந்தா அந்த அடைய எரிக்கணும், ராணியக் கொஞ்ச நாள் கூண்டுல வச்சு முட்டை நிறுத்தணும், கத்தி கையெல்லாம் கழுவாம அடுத்த பெட்டிக்குப் போகக் கூடாது.

அந்த அடிக்கப்புறம்தான் இத்தாலி ஈ இங்கயும் நிறைய வந்துச்சு, அது 1962லயே வடக்க, இன்னைக்கு ஹிமாச்சல் பிரதேசத்துல இருக்குற நக்ரோட்டா பக்வான்ல வேரூன்றின ஜாதி. இந்த வைரஸ் அதை அவ்வளவா ஒண்ணும் பண்ணல, தேனும் பல மடங்கு. ஆனா அதுக்கு வரோவாங்கற உண்ணி எமன். வேடிக்கை என்னன்னா அந்த உண்ணி நம்ம ஈயோட பழைய கூட்டாளி, நம்ம ஈ மேல ஒட்டினா தட்டி விட்டுரும், உண்ணியும் ஆண் அறையில மட்டும்தான் பெருகும், அதனால ரெண்டும் காலங்காலமாச் சமாளிச்சு இருந்துச்சு. இத்தாலி ஈகிட்ட அந்தப் பழக்கமில்ல. பெரிய முதல் போட்டு, லாரியில ஏத்தி மாவட்டம் மாவட்டமாப் பெட்டி கொண்டு போறவங்களுக்கு இத்தாலி ஈ சரி. வீட்டுத் தோட்டத்துல நாலு பெட்டி வைக்கிறவனுக்கு நாட்டு ஈதான்னு நான் சொல்லுவேன், கொறச்சுத் தரும், ஆனா நம்ம மழைக்கும் நம்ம உண்ணிக்கும் பழகினது.

தேன் உறையுறதப் பத்திச் சொல்லியே ஆகணும். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், அதுல குளுக்கோஸ் கூடுதல், பாட்டிலுக்கு அடியில வெள்ளையா ரவை மாதிரி படிஞ்சதப் பாத்துட்டு "சர்க்கரைப்பாகு குடுத்துட்டீங்க" ன்னு சண்டைக்கு வர்றாங்க. சுத்தத் தேன் உறையும். உறையவே உறையாததத்தான் சந்தேகப்படணும்னு கூடச் சொல்ல முடியாது, சில தேன் ரொம்ப நாள் உறையாது. அதே மாதிரி தண்ணியில விட்டா கரையக் கூடாது, பேப்பர்ல ஊறக் கூடாது, எறும்பு வராது, தீக்குச்சி எரியணும், இந்த வீட்டுச் சோதனை எதுலயும் ஒண்ணும் தெரியாது, நல்லாக் காய்ச்சின வெல்லப்பாகு இதுல பாதியில பாஸாயிரும். உறைஞ்சத வெதுவெதுப்பான தண்ணியில பாட்டிலோட வச்சா இளகும், அடுப்புல நேரா வைக்காதீங்க. இன்னொண்ணு, ஒரு வயசுக்குள்ள குழந்தைக்குத் தேன் குடுக்காதீங்க, பொறந்த உடனே சேனை வைக்கிறதுக்கும் வேண்டாம், பாட்டுலிசம்ங்கற நோயக் கொண்டு வர்ற விஷக் கிருமியோட விதை தேன்ல இருக்கலாம், பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, பச்சைக் குழந்தை குடல் தாங்காது. தேன் விக்கிறவனே சொல்றேன்.

கொட்டுறதப் பத்திக் கேக்காதவங்களே இல்ல. கொட்டும். கொட்டின இடத்துல கொடுக்கு தங்கிரும், விஷப் பையோட துடிச்சுக்கிட்டே இருக்கும், எப்படி எடுக்குறோம்ங்கறதவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்குறோம்ங்கறதுதான் முக்கியம், நகத்தால வழிச்சு விட்டுருங்க. அந்த இடத்துல வாழைப்பழ வாசனை அடிக்கும், அது மத்த ஈக்குச் சொல்ற எச்சரிக்கை, அதனால அந்த இடத்தப் புகை காட்டித் தேய்ச்சுட்டு நகருங்க, ஓடாதீங்க. வீங்குறது சாதாரணம். மூச்சு முட்டுனா, உடம்பு பூராத் தடிச்சா, தலை சுத்தினா நாட்டு வைத்தியம் பாக்காம நேரா ஆஸ்பத்திரி.

இவ்வளவும் படிச்சப்புறமும் பெட்டி வாங்கணும்னு தோணுச்சுன்னா, மார்ச்ல வாங்காதீங்க, அப்ப விலையும் கூடுதல், வாங்கின ரெண்டு மாசத்துல மழை வந்துரும். அக்டோபர் நவம்பர்ல வாங்குங்க. விக்கிறவர் முன்னாடி கீழறையத் திறந்து காட்டச் சொல்லுங்க, சட்டத்தை வெயிலுக்குச் சாச்சுப் புடிச்சு அறைக்குள்ள பாருங்க, ஒரு அறைக்கு ஒரு முட்டை, அடியில நட்டுக்க நிக்கணும். ஒரே அறையில ரெண்டு மூணு முட்டை கண்டபடி கெடந்தா ராணி இல்ல, வேலைக்கார ஈயே முட்டை இடுது, அதுல இருந்து ஆண் ஈ மட்டும்தான் வரும், அந்தக் கூடு தேறாது. மூடின புழு நடு அடையில ஒரே தட்டா, இடைவெளி இல்லாம இருக்கணும். ராத்திரி வாசல அடைச்சு, சட்டம் ஆடாமக் கட்டி, வண்டியில சட்டம் போற திசைக்கு நீளவாட்டுல வச்சுக் கொண்டு போங்க. ஈ கோவமா இருக்கு, திறந்தா போயிரும், வீட்டுக்குப் போயித் திறந்து பாருங்கன்னு சொல்றவர்கிட்ட மட்டும் வாங்காதீங்க.